சாதாரணமா, புரோவா? ஆயிரம் வெள்ளியின் கணக்கு



இந்த மாதம் கைப்பேசி வாங்குவதைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம். "அதில் பேச என்ன இருக்கிறது? கையில் பணம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் மலிவானது" என்று நீங்கள் சொல்லலாம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன், 2024-ஆம் ஆண்டு அக்டோபரில் ஒரு நாள் கொம்தாருக்குப் போய் வரும் வரையில்.

செபராங் பிறை பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து எனக்குத் தங்கை முறையாகும் ஒருத்தி, மகளை அழைத்துக்கொண்டு படகேறி ஜார்ஜ் டவுனுக்கு வந்தாள். கணவர் செம்பனைக் குலை வெட்டுகிறார், இவள் புல் வெட்டும் வேலை. மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. அந்தக் குடும்பத்தில் பல்கலைக்கழகப் படி ஏறும் முதல் பிள்ளை. "அக்கா, புள்ளைக்கு நல்ல போனா ஒண்ணு எடுக்கணும். நீங்களும் கூட வாங்க" என்றாள்.

1980களில் 65 மாடிகளோடு எழுந்து நின்ற கொம்தாரை உங்களில் பலர் அண்ணாந்து பார்த்திருப்பீர்கள். அங்கும் அதை ஒட்டிய கடைத்தொகுதியிலும் கைப்பேசிக் கடைகளுக்குப் பஞ்சமே இல்லை. ஒரு கடையில் நம் பையன் ஒருவன் இரண்டு ஐபோன்களை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். ஒன்று ஐபோன் 16, மற்றது 16 புரோ. அந்த ஆண்டு செப்டம்பரில் மலேசியாவில் விற்பனைக்கு வந்தபோது முதலாவதன் தொடக்க விலை 3,999 வெள்ளி, இரண்டாவதன் விலை 4,999 வெள்ளி.

மகளின் கண் புரோவை விட்டு அகலவில்லை. தாய் என் காதருகே வந்து, "ஆயிரம் வெள்ளிதானே அக்கா கூட. புள்ள படிக்கப் போவுது. சீட்டுக் காசு ரெண்டாயிரத்து ஐந்நூறு இருக்கு. மிச்சத்துக்கு இது இருக்கு" என்று கழுத்துச் சங்கிலியைத் தொட்டுக் காட்டினாள்.

எனக்குத் திக்கென்றது. "தம்பி, எடுத்து வை. தேத்தண்ணி குடிச்சிட்டு வர்றோம்" என்று சொல்லி இருவரையும் லெபோ பசார் பக்கம் அழைத்துக்கொண்டு போய்விட்டேன். அங்கே தேநீர் மேசையில் போட்ட கணக்கைத்தான் இப்போது உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் விலையை வெள்ளியில் பார்க்காமல் நாள் கணக்கில் பாருங்கள். அந்த ஆண்டு நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,500 வெள்ளி. 26 வேலை நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளுக்கு ஏறக்குறைய 57 வெள்ளி 70 சென். அப்படியானால் சாதாரண ஐபோன் 69 நாள் உழைப்பு, புரோ ஏறக்குறைய 87 நாள். "ஆயிரம் வெள்ளிதானே" என்று அவள் சொன்ன வித்தியாசம் மட்டும் 17 நாள். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆகியிருக்கிறது. இந்தக் கணக்கிலும் அந்த ஆயிரம் வெள்ளி 15 நாள் உழைப்புக்குக் குறையாது. விடியற்காலைப் பெரட்டுக்குப் போய் நின்று, 15 நாள் வெயிலிலும் மழையிலும் வேலை செய்து வரும் காசு அது. அந்த 15 நாளுக்கு ஈடாக என்ன கிடைக்கிறது என்று கேட்பது கஞ்சத்தனம் ஆகாது.

சரி, என்னதான் கிடைக்கிறது? நியாயமாகவே பார்ப்போம்.

புரோவின் சட்டம் டைட்டானியம், சாதாரணத்தின் சட்டம் அலுமினியம். இரண்டையும் வாங்கிய அன்றே பத்து வெள்ளி உறைக்குள் போட்டு மூடிவிடுகிறோம். புரோவின் திரை 6.3 அங்குலம், மற்றது 6.1. புரோவின் திரை வினாடிக்கு 120 முறை வரை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும், மற்றது 60 முறை. விரலால் தள்ளும்போது புரோவில் எழுத்து வழுக்கிக்கொண்டு ஓடும். கண்ணுக்குச் சுகம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதனால் பாடம் கூடுதலாகப் புரியப் போவதில்லை.

புரோவில் மூன்றாவதாக ஒரு கேமரா உண்டு. தூரத்துப் பொருளை ஐந்து மடங்கு அருகில் இழுத்துத் தரும். மின்கலமும் கூட நேரம் தாங்கும்: தொடர்ந்து படம் பார்த்தால் சாதாரணம் 22 மணி நேரம் வரை, புரோ 27 மணி நேரம் வரை என்று தயாரித்த நிறுவனமே சொல்கிறது. மூளையாகிய சில்லு இரண்டிலும் ஒரே தலைமுறை. புரோவினுடையது சற்று வேகம் கூடியது. படங்களைச் சேர்த்து வைக்கும் இடம் இரண்டிலும் 128 ஜிபியில்தான் தொடங்குகிறது.

வாட்ஸ்அப் செய்தி, வீட்டுக்கு வீடியோ அழைப்பு, பல்கலைக்கழகப் பாடக் குறிப்பு, வங்கிக் கணக்கு ஆகிய எல்லாமே இரண்டிலும் ஒன்றுபோலத்தான் நடக்கும். இன்னொன்றையும் மறக்க வேண்டாம். தோட்டத்தில் அலைவரிசை வராத லயத்தில் புரோவை நீட்டிப் பிடித்தாலும் பயனில்லை. கோபுரம் எட்டாத இடத்தில் விலையுயர்ந்த பேசியும் வெறும் கண்ணாடித் துண்டுதான்.

அப்படியானால் புரோ ஏமாற்று வேலையா? இல்லவே இல்லை. கல்யாண வீடுகளுக்குப் போய் வீடியோ எடுத்துப் பிழைக்கும் இளைஞன் ஒருவனுக்கு அந்தத் தூரக் கேமரா தொழில் கருவி. மணமேடைக்குக் கிட்டே போகாமலேயே தாலி கட்டுவதைத் தெளிவாகப் பிடித்துவிடுவான். நாலைந்து கல்யாணத்தில் அந்த ஆயிரம் வெள்ளி திரும்பிவிடும். சம்பாதித்துக் கொடுக்கும் பொருளுக்குக் கூடுதல் விலை கொடுப்பது முதலீடு. நம் வீட்டில் அது என்ன சம்பாதிக்கும் என்பதுதான் கேள்வி.

உங்கள் வீட்டில் பெரியம்மாவோ அத்தையோ அந்தக் காலத்தில் பாயான் லெப்பாசில் வேலை செய்திருந்தால் அவர்களைக் கேட்டுப் பாருங்கள். 1972-இல் அங்கே தடையற்ற வாணிப வட்டாரம் உருவாகி, இண்டெல் போன்ற நிறுவனங்கள் வந்தபோது, நுண்ணோக்கியில் கண் பதித்துச் சில்லு செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள்தாம். இப்படிப்பட்ட தொழிற்சாலைகளில் செய்த சில்லுகளைச் சோதித்து, அவற்றின் வேகத்துக்கு ஏற்பத் தரம் பிரித்து, வெவ்வேறு பெயரில் வெவ்வேறு விலைக்கு அனுப்புவது வழக்கம். விலை குறைந்தது கெட்டுப்போன சரக்கு அன்று என்பது அந்தப் பெண்களுக்குத் தெரியும். அட்டைப்பெட்டியைப் பார்த்து மயங்கும் நமக்குத்தான் தெரிவதில்லை.

இத்தனையும் சொல்லி முடித்ததும் தாய் பெருமூச்சுவிட்டாள். "அப்ப சின்னதையே எடுத்துருவோம். ஆயிரம் மிச்சம்" என்றாள்.

இங்கேதான் நான் உங்களைக் கொஞ்சம் நிறுத்த விரும்புகிறேன். மிச்சமா? கையில் இருந்தது 2,500 வெள்ளி. 3,999 கொடுப்பதற்கும் சங்கிலி அடகுக் கடைக்குத்தானே போக வேண்டும்? 4,999-க்குப் பக்கத்தில் வைத்ததால் 3,999 அவளுக்கு மலிவாகத் தெரிந்தது. தீபாவளிக்கு லிட்டில் இந்தியாவில் சேலை எடுக்கும்போதும் இதேதான் நடக்கிறது. முதலில் எண்ணூறு வெள்ளிப் பட்டை விரித்துக் காட்டிவிட்டு, அடுத்து நானூறு வெள்ளிச் சேலையைப் போட்டால், "பரவாயில்லையே" என்று மனம் இறங்கிவிடும். நாம் வீட்டிலிருந்து புறப்பட்டதோ இருநூறு வெள்ளியோடு!

ஆகவே பேசியை அதன் பக்கத்துப் பேசியோடு ஒப்பிடாதீர்கள். உங்கள் தேவையோடும் கைக்காசோடும் ஒப்பிடுங்கள். "சாதாரணம்" என்று கடைக்காரர் பெயர் வைத்ததாலேயே அது நமக்குச் சாதாரணம் ஆகிவிடாது. அதற்குக் கீழும் படிகள் இருக்கின்றன. அந்தப் படிகள் முன்போல வழுக்குவதும் இல்லை. மலிவான பேசி என்றால் இரண்டு மூன்று ஆண்டில் மென்பொருள் பழசாகிவிடும் என்ற காலம் ஒன்று இருந்தது. சாம்சுங் 2024-இல் தன் உயர்ரக எஸ்24 வரிசைக்கு ஏழு ஆண்டு மென்பொருள் ஆதரவு தருவதாகச் சொன்னது. 2025-இல் வந்த ஏ26, ஏ36, ஏ56 என்ற நடுத்தரப் பேசிகளுக்கு ஆறு ஆண்டு என்று சொல்லியிருக்கிறது. விலையில் பெரிய இடைவெளி, ஆயுளில் ஓராண்டு இடைவெளி!

இவ்வளவும் பேசும்வரை மகள் வாய் திறக்கவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னாள்: "ஆண்ட்டி, ஹாஸ்டல்ல எல்லாரும் அதான் வச்சிருப்பாங்க. என் போனைப் பார்த்தாலே தோட்டத்துப் பிள்ளைன்னு தெரிஞ்சிரும்."

இதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. பதினெட்டு, பத்தொன்பது வயதில் அந்த வலி பொய்யான வலி அன்று. அதைப் "பகட்டு" என்று ஏசிவிட்டால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும், மனத்தை மூடிக்கொள்ளாது. நான் கேட்டது இதுதான்: "அங்கே போனதும் கட்டுரை எல்லாம் எதில் எழுதுவாய்?" சற்று யோசித்துவிட்டு, "மடிக்கணினி வேணும். யாருகிட்டயாவது இரவல் கேக்கலாம்னு இருந்தேன்" என்றாள். தாய்க்கு அது புதுச் செய்தி. "ஏம்மா என்கிட்ட சொல்லல?" என்று கேட்டாள். "ரெண்டு கேட்டா நீங்க எங்கே போவீங்க?" என்றாள் மகள். மேசையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

பிறகு மகளே தாள் எடுத்துக் கணக்குப் போட்டாள். கடைசியில் 1,300 வெள்ளிக்குள் ஒரு நடுத்தரப் பேசியும், 1,100 வெள்ளிக்கு நல்ல நிலையில் இருந்த பழைய மடிக்கணினி ஒன்றும் வாங்கினோம். சீட்டுக் காசில் நூறு வெள்ளி மீந்தது. சங்கிலி கழுத்திலேயே படகேறிற்று.

நீங்கள் கடைக்குப் போவதற்கு முன் இன்னும் மூன்று செய்திகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, தவணை. "பேசிக்குக் காசு குறைவு, மாதக் கட்டணம் மட்டும் கட்டினால் போதும்" என்பார்கள். மாதக் கட்டணம் 40 வெள்ளி கூடினால் 24 மாதத்தில் 960 வெள்ளி ஆகிறது. இடையில் விட்டால் அபராதமும் உண்டு. கையெழுத்துப் போடுமுன் மொத்தத் தொகையை எழுதித் தரச் சொல்லுங்கள்.

இரண்டு, "ஏபி செட்" என்று சொல்லி விலை குறைத்துக் கொடுப்பது. அதிகாரபூர்வ விநியோகிப்பாளர் வழியாக வராத பேசி அது. பழுதானால் விற்ற கடையின் உத்தரவாதம் மட்டுமே கிடைக்கும். தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் சிரிம் அடையாள வில்லை இருக்கிறதா என்று பாருங்கள். பேசியில் நட்சத்திரக் குறி, சதுரக் குறி, 06, மறுபடி சதுரக் குறி என்று அழுத்தினால் 15 இலக்க எண் ஒன்று வரும். பெட்டியிலும் இரசீதிலும் அதே எண் இருக்க வேண்டும்.

மூன்று, இரசீது. அதைத் தொலைக்காதீர்கள். பொருளில் குறை இருந்து கடைக்காரர் கையை விரித்துவிட்டால், பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரையிலான வழக்கை வழக்கறிஞர் இல்லாமலேயே தொடுக்கலாம். அதற்குக் கட்டணம் ஐந்தே வெள்ளி. தோட்டத்து மக்களுக்கும் அந்தக் கதவு திறந்துதான் இருக்கிறது.

கதையின் மீதியையும் சொல்லிவிடுகிறேன். 2025 செப்டம்பரில் ஐபோன் 17 வந்தது. அந்தப் பிள்ளை எனக்குத் தொலைபேசியில் அழைத்துச் சிரித்தாள். "ஆண்ட்டி, அன்னைக்குப் புரோல மட்டும் இருந்த அந்த 120 திரை இப்ப சாதாரணத்துலயே வந்திருச்சு!" உண்மைதான். 2022-இல் 14 புரோவில் மட்டும் இருந்த 48 மெகாபிக்சல் கேமராவும் மறு ஆண்டே சாதாரண 15-இல் வந்துவிட்டது. இந்த ஆண்டு ஆயிரம் வெள்ளி கூடக் கொடுத்து வாங்குகிற பெருமையை, அடுத்த ஆண்டு கடைக்காரரே சும்மா சேர்த்துத் தந்துவிடுகிறார்.

"தோட்டத்துப் பிள்ளைன்னு யாரும் கண்டுபிடிச்சாங்களா?" என்று கேட்டேன். "நானே சொல்லிட்டேன் ஆண்ட்டி" என்றாள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.