எழுதுபவள் ஒருத்தி, பேசுபவர் ஒருவர்

பெருநிறுவனங்களில் பணிபுரியும் பெண்களுக்கும் முதலீட்டாளர் உறவுத் துறையினருக்கும் 'தலைமைப் பண்புப் பயிற்சி' அளிப்பது மும்பையில் ஒரு தனித்தொழிலாகவே வளர்ந்துவிட்டது. தயங்காமல் பேசுவது எப்படி, கூட்டத்தில் குரலை நிலைநிறுத்துவது எப்படி என்று பாடங்கள் நடக்கின்றன. நடத்துவோரின் நல்லெண்ணத்தை நான் ஐயுறவில்லை. ஆயினும் இப்பயிற்சிகளின் அடித்தளத்தில் ஒரு கருதுகோள் சொல்லப்படாமலே கிடக்கிறது: பெண்ணுக்குப் பேசத் தெரியவில்லை, ஆகவே அவள் மேலே வரவில்லை. மொழியியல் பயின்ற எனக்கு இக்கருதுகோளை மறுக்க வேண்டிய கடமை உண்டு.

பெரிய நிறுவனங்கள் காலாண்டு முடிவுகளை வெளியிட்டபின் பங்கு ஆய்வாளர்களோடு உரையாடுகின்றன. அவ்வுரையாடலின் எழுத்துவடிவம் செபி விதிகளின்படி பொதுவெளிக்கு வந்தாக வேண்டும். யாரும் எடுத்துப் படிக்கலாம். அவற்றின் அமைப்பு ஏறத்தாழ மாறுவதே இல்லை. முதலீட்டாளர் உறவு அலுவலர் அனைவரையும் வரவேற்பார்; மேலாளர்களை அறிமுகம் செய்வார்; எதிர்காலம் பற்றிய கூற்றுகளுக்கு உத்தரவாதம் இல்லை என்ற எச்சரிக்கையை வாசிப்பார்; "இனி நம் தலைவர் பேசுவார்" என்று விலகிக்கொள்வார். அடுத்த ஒரு மணி நேரம் தலைமைச் செயல் அலுவலருக்கும் நிதித் தலைவருக்கும் உரியது. இறுதியில், விடுபட்ட கேள்விகளை முதலீட்டாளர் உறவுக் குழுவுக்கு அனுப்புமாறு ஓர் அறிவிப்பு வரும்.

பேச்சில் மூன்று பாத்திரங்கள் உண்டு என்று எர்விங் காஃப்மன் பிரித்துக் காட்டினார்: சொற்களை ஒலிப்பவர், சொற்களை ஆக்கியவர், சொற்களுக்குப் பொறுப்பேற்பவர். மேற்கண்ட உரையாடலில் தலைவர் ஒலிக்கிறார், நிறுவனம் பொறுப்பேற்கிறது. உரையை வரைந்து, ஆய்வாளர்கள் கேட்கக்கூடிய கேள்விகளை முன்னரே ஊகித்து, ஒவ்வொன்றுக்கும் விடையும் எண்ணும் திரட்டித் தந்தவர் எச்சரிக்கையை வாசித்துவிட்டு ஓய்ந்துபோனவரே. அந்த இருக்கையில் ஒரு பெண் இருந்தால், தலைவர் எப்படிப் பேச வேண்டும் என்பதை எழுதித் தருபவள் அவள். அவளையே பேச்சுப் பயிற்சிக்கு அனுப்புகிறோம்! இதில் குறைபாடு யாரிடம் இருக்கிறது?

குறைபாடு பதவிகளின் வரையறையிலேயே தொடங்குகிறது. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம் 'முதன்மை நிர்வாகப் பணியாளர்' என்று தலைமைச் செயல் அலுவலர், முழுநேர இயக்குநர், நிறுவனச் செயலர், நிதித் தலைவர் ஆகியோரைச் சுட்டுகிறது. முதலீட்டாளர் உறவு அப்பட்டியலில் இல்லை. உட்தகவல் வணிகத்தைத் தடுக்கும் செபியின் 2015 விதிகளோ, மூத்த அலுவலர் ஒருவரைத் 'தலைமை முதலீட்டாளர் உறவு அலுவலர்' என்று அமர்த்தச் சொல்கின்றன. பதவிக்கு ஒரு பெயர் கிடைத்தது. ஆனால் பல நிறுவனங்கள் அப்பெயரை நிறுவனச் செயலருக்கோ நிதித் தலைவருக்கோ கூடுதல் பொறுப்பாகச் சூட்டிவிட்டு அமைதியாகிவிட்டன. அன்றாடம் அப்பணியைச் செய்பவர் பெயரின்றிக் கீழேயே இருக்கிறார்.

இயக்குநர் குழுவின் கதை இன்னும் தெளிவானது. குறைந்தது ஒரு பெண் இயக்குநரேனும் வேண்டும் என்று அதே சட்டத்தின் 149ஆம் பிரிவு கூறியது. 2015 ஏப்ரல் 1 கெடு நெருங்கியபோது, நிறுவனர் குடும்பத்து மனைவியரும் மகளிரும் அவசர அவசரமாகக் குழுக்களில் அமர்த்தப்பட்டதை நாளேடுகள் அப்போதே எழுதின. பின்னர் உதய் கோட்டக் குழுவின் பரிந்துரையை ஒட்டி, முதல் 500 நிறுவனங்கள் 2019 ஏப்ரல் முதலும், முதல் 1000 நிறுவனங்கள் 2020 ஏப்ரல் முதலும் சார்பற்ற பெண் இயக்குநர் ஒருவரை அமர்த்த வேண்டும் என்று செபி விதித்தது. 'பெண் இயக்குநர்' என்று சட்டம் எழுதுகிறது. 'ஆண் இயக்குநர்' என்று எவரும் எழுதுவதில்லை. அடைமொழி ஏற்பது எதுவோ அது விதிவிலக்கு என்பது மொழியியலின் தொடக்கப் பாடம். தமிழும் இதில் தூய்மையானது அன்று. 'தலைவர்' என்றால் நாடும் நிறுவனமும் நினைவுக்கு வருகின்றன. 'தலைவி' என்றால் குடும்ப அட்டை நினைவுக்கு வருகிறது.

சட்டம் நெருக்கும்போது அழைக்கப்படும் மகள், தானாகக் கேட்கும்போது என்ன ஆகிறாள்? சென்னையின் முருகப்பா குழுமத்தைப் பாருங்கள். எம்.வி. முருகப்பன் 2017இல் மறைந்தபின், அவர் மகள் வள்ளி அருணாச்சலம் குழுமத்தின் தாய் நிறுவனமான அம்பாடி இன்வெஸ்ட்மென்ட்ஸில் இயக்குநர் இடம் கேட்டார். அவர் அணுப் பொறியியலாளர். அவர் குடும்பத்தின் பங்கு 8 விழுக்காட்டுக்கு மேல். 2020 செப்டம்பர் பொதுக்கூட்டத்தில் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்ட வாக்குகள் அவருக்கு எதிராக விழுந்தன. 2023 ஆகஸ்டில் குடும்ப உடன்பாட்டோடு பூசல் முடிந்தது. அவரே முதலீட்டாளர், அவரே உறவு. எந்தப் பயிற்சி வகுப்பு அவருக்கு அந்த நாற்காலியைத் தந்திருக்கும்?

"அருந்ததி பட்டாச்சாரியா, சந்தா கோச்சர், ஷிகா சர்மா ஆகியோர் வரவில்லையா?" என்ற மறுப்பு எழும். வந்தார்கள். 2013க்கும் 2017க்கும் இடையே ஸ்டேட் வங்கி, ஐசிஐசிஐ, ஆக்சிஸ் மூன்றையும் இதே நகரில் ஒரே நேரத்தில் பெண்கள் நடத்தினர். அவர்களுக்குப் பின் அம்மூன்று நாற்காலிகளிலும் இன்றுவரை ஆண்களே அமர்ந்துள்ளனர். மூவர் ஏறினர், ஏணி கட்டப்படவில்லை. மேலும், அவர்கள் கடனும் வணிகமும் கிளைகளும் கையாண்டு வளர்ந்தவர்கள். பட்டாச்சாரியா 1977இல் பயிற்சி அலுவலராகச் சேர்ந்தவர். இலாப நட்டப் பொறுப்பைக் கையில் தராமல் எவரையும் தலைமைக்கு உரியவர் ஆக்க முடியாது என்பதற்கு அவர்களே சான்று.

தாதரிலிருந்து மத்திய இருப்புப்பாதையில் அடுத்த நிலையம் மாட்டுங்கா. 2017இல் அந்நிலையத்தின் பணிகள் முழுவதும், மேலாளர் முதல், பெண்களிடம் ஒப்படைக்கப்பட்டன. பொறுப்பு கைமாறியது, வண்டிகள் நிற்கவில்லை.

ஆகவே, பயிற்சிக்குச் செலவிடும் நிறுவனங்களிடம் நான்கு கோரிக்கைகள்:

1. காலாண்டு உரையாடலில் முதலீட்டாளர் உறவு அலுவலர் கேள்விகளுக்கு விடையளிக்கட்டும். எழுத்துவடிவில் அவர் பெயர் பதிவாகட்டும்.

2. 'தலைமை முதலீட்டாளர் உறவு அலுவலர்' என்ற பெயர் அப்பணியைச் செய்பவருக்கே உரியதாகட்டும்.

3. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அவரை இலாப நட்டப் பொறுப்புள்ள பிரிவுக்கு மாற்றுங்கள். நிறுவனம் முழுவதையும் முதலீட்டாளருக்கு விளக்கத் தெரிந்தவருக்கு ஒரு பிரிவை நடத்தவும் கற்க முடியும்.

4. இயக்குநர் நியமனக் குழு, அடுத்த தலைமைக்காக ஆயத்தம் செய்யப்படுவோருள் பெண்கள் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையை ஆண்டுதோறும் வெளியிடட்டும்.

பங்குகள் வைத்திருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் 1000 நிறுவனங்கள் 2022–23 முதல் கட்டாயமாக வெளியிடும் பொறுப்புடைமை அறிக்கையில், இயக்குநர் குழுவிலும் முதன்மை நிர்வாகப் பணியிலும் உள்ள பெண்களின் எண்ணிக்கை இருக்கிறது. ஆண், பெண் இடைநிலை ஊதியம் இருக்கிறது. மகப்பேறு விடுப்புக்குப் பின் பணிக்குத் திரும்பியோர் விகிதமும் இருக்கிறது. உங்கள் நிறுவனத்தின் அறிக்கையைத் திறந்து இம்மூன்று அட்டவணைகளையும் பாருங்கள். பின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். அக்கேள்விக்கான விடையையும் ஒரு பெண்ணே தலைவருக்கு எழுதித் தரக்கூடும். அவள் பெயரையும் கேளுங்கள்.