லயத்துக் கிணற்றையும் வரைபடத்தில் ஏற்றுங்கள்

2006 நவம்பர். மலாக்கா நகரில் 110 மீட்டர் உயரச் சுழல்கோபுரம் ஒன்றுக்காக மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே பழைய கற்கட்டு தட்டுப்பட்டது. 1807-இல் ஆங்கிலேயர் இடித்துத் தள்ளிய அ ஃபமோசா கோட்டையின் மிடல்பர்க் கொத்தளம் அது. வேலை நின்றது. கோபுரம் பண்டார் ஹிலிருக்கு இடம் மாறி, 2008 ஏப்ரலில் திறப்பு விழா கண்டது. அதே ஆண்டு ஜூலையில் மலாக்கா நகரம், ஜார்ஜ் டவுனோடு சேர்ந்து யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் ஏறியது.

நல்ல முடிவுதான். ஆனால் கல் தென்பட்ட பிறகு விழித்துக்கொள்வதைத் திட்டம் என்று சொல்ல முடியாது. 2013-இல் கெடாவின் புஜாங் பள்ளத்தாக்கில் அந்த அதிர்ஷ்டமும் வாய்க்கவில்லை. ஆயிரம் ஆண்டைத் தாண்டிய பதினோராம் எண் சண்டியை, அதாவது பழங்காலக் கோயிலின் எச்சத்தை, வீடமைப்பு நிறுவனம் ஒன்று மட்டம் தட்டிவிட்டது. அரசிதழில் பதியப்படாத இடம் என்று பிறகு விளக்கம் வந்தது. விஷயத்தை வெளியே கொண்டுவந்து உரக்கப் பேசியவர்களில் முக்கியமானவர், அந்தப் பள்ளத்தாக்கைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்த டத்தோ வி. நடராஜன். ஆர்வலர்களின் கண் படாதிருந்தால் அந்த இடிப்பு செய்தியாகக்கூட ஆகியிருக்காது.

மலாக்கா மாநிலத்துக்கென்று தொல்லியல் திட்டம் ஒன்று வகுக்கப்படுமானால், அது உலக மரபு எல்லைக்கோட்டோடு நின்றுவிடக் கூடாது. நகரத்துக்குள்ளேயே வேலை நிறைய மிச்சம் இருக்கிறது. சுல்தான்கள் காலத்தில் தமிழ் வணிகர்கள் குடியிருந்த உப்பே, ஆற்றுக்கு வடகரையில், இன்றைய வீடுகளுக்கும் கடைகளுக்கும் கீழே கிடக்கிறது. 1511-க்குப் பின் போர்த்துக்கீசியர் பெண்டஹாரா என்னும் உயர் பதவியில் அமர்த்திய நீனா சாத்து அந்த வணிகக் கூட்டத்தைச் சேர்ந்தவர். 1781-இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயிலும் காஜா பெராங்கின் கம்போங் செட்டியும் கண்ணுக்குத் தெரியும் அடையாளங்கள். மண்ணுக்குள் இருப்பது அதைவிட அதிகமாகவே இருக்கும்.

நகரைத் தாண்டினால் அலோர் காஜா வட்டாரம். அங்கே நட்டுவைத்த பெருங்கற்கள் பல இடங்களில் நிற்கின்றன. சுற்றிலும் வாழும் மலாய்க்காரர்கள் அவற்றை ‘பாத்து ஹிடுப்’, அதாவது உயிருள்ள கல், என்பார்கள்; ஆண்டுக்கு ஆண்டு வளர்கின்றன என்றும் சொல்வதுண்டு. அந்த நம்பிக்கையே அவற்றுக்குக் காவலாக இருந்திருக்கிறது. ஆய்வாளர் அளவுநாடாவை எடுக்கும் முன் அந்தக் கதையை உட்கார்ந்து கேட்பதுதான் முறை.

அடுத்தது ரப்பர்த் தோட்டம். இங்கேதான் தமிழர்களுக்கே ஒரு மறதி. கடாரம் என்றால் மார்பு நிமிர்கிறது; ராஜேந்திர சோழனின் கப்பலைப் பற்றி மேடைக்கு மேடை முழக்கம். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பாட்டி தண்ணீர் சேந்திய கிணறு எங்கே என்று கேட்டால் பதில் இல்லை. 1896-இல் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். பிறகு புக்கிட் அசஹானில் பெருந்தோட்டம் எழுந்தது. மலாயாவின் வணிக ரப்பர் இந்த மாநிலத்தில்தான் தொடங்கியது என்றால், அந்தத் தொழிலின் தொல்லியலும் இங்கேதானே தொடங்க வேண்டும்?

நூறு வருஷத்து லயமெல்லாம் தொல்லியலா என்று சிலர் சிரிக்கலாம். மொரிசியஸ் சிரிக்கவில்லை. ஒப்பந்தக் கூலிகள் கரையிறங்கிய ஆப்ரவாசி காட் 1849-இல் கட்டத் தொடங்கிய குடியேற்ற நிலையம், அவ்வளவுதான். அங்கே அகழாய்வு செய்தார்கள், ஆவணங்களைத் திரட்டினார்கள். 2006-இல், மலாக்காவுக்கு இரண்டு ஆண்டு முன்னதாகவே, யுனெஸ்கோ பட்டியலில் ஏற்றினார்கள்.

இங்கே நிலைமை அவசரமானது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது ஒருமுறை நிலம் புரண்டது. செம்பனைக்கும் ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுக்கு ஒருமுறை மறுநடவு உண்டு. அப்போது புல்டோசர் மறுபடி வரும். பிரட்டுக்களம், ஆயாக்கொட்டகை, கள்ளுக்கடை, கிராணி வீடு, முனியாண்டி இருந்த மரத்தடி என ஒவ்வொன்றும் எங்கே இருந்தது என்று விரல் நீட்டிச் சொல்லக்கூடியவர்கள் ஜாசினிலும் மெர்லிமாவிலும் டூரியான் துங்காலிலும் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் குடிபெயர்ந்து, முதுமையில் இருக்கிறார்கள். மண் இன்னும் சில காலம் பொறுக்கும். அவர்களின் நினைவு பொறுக்காது. ஆகவே திட்டத்தின் முதல் வேலை தோண்டுவதல்ல, கேட்டுக் குறிப்பது.

கேட்பதற்கு ஆள் வேண்டும். தமிழ்ப்பள்ளிகளை இதில் இறக்கலாம். தோட்டப் பெயரையே இன்னும் சுமக்கும் பள்ளிகள் மலாக்காவில் உண்டு. தோட்டம் போனாலும் பெயர் போகவில்லை. ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவர்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டு வரைந்த தோட்ட வரைபடங்களை அருங்காட்சியகத் துறையும் பல்கலைக்கழகங்களும் வாங்கிச் சரிபார்க்கட்டும். கோயில்களில் கிடக்கும் பழைய கணக்குப் புத்தகங்களும் ஆதாரம்தான். கரையான் தின்னும் முன் படமெடுத்து வைக்கலாம்.

தோண்டுவதற்கும் பொதுமக்கள் உதவ முடியும். 1984-இல் தொல்லியலாளர் ஜான் மிக்ஸிக் ஃபோர்ட் கேனிங் குன்றில் அகழத் தொடங்கியதிலிருந்து சிங்கப்பூர்த் தொல்லியலில் தன்னார்வலர்களின் உழைப்பு பெரிது. தமிழ்நாட்டின் கீழடியில் தென்னந்தோப்பை அகழாய்வுக்கு விட்டுக்கொடுத்தவர்கள் அந்த நிலத்தின் சொந்தக்காரர்கள். ஆனால் ஆர்வம் வேறு, புதையல் வெறி வேறு. மலேசியாவின் 2005-ஆம் ஆண்டுத் தேசியப் பாரம்பரியச் சட்டப்படி உரிமம் இல்லாமல் அகழக் கூடாது. ஏதாவது கிடைத்தால் மாவட்ட அதிகாரியிடமோ பாரம்பரிய ஆணையரிடமோ தெரிவிக்க வேண்டும். இந்த ஒரு செய்தி கோயில் கூட்டங்களில் தமிழில் சொல்லப்பட்டாலே பாதி வேலை முடியும். மறுபாதி அதிகாரிகள் கையில் இருக்கிறது: தகவல் கொடுத்தவரை அலையவிடாமல், அவர் சொன்ன இடத்தை நேரில் வந்து பார்க்க வேண்டும்.

தோட்ட நிறுவனங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. மறுநடவு தொடங்கும் முன் ஒரே ஒரு நாள் வாயிலைத் திறந்துவிட்டால் போதும். அங்கே பால்மரம் வெட்டிய பாட்டி ஒருவரை வேனில் ஏற்றிக்கொண்டு போய்ச் செம்பனை வரிசைகளுக்கு நடுவே நிறுத்தி, கிணறு எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்கலாம். அவர் கைகாட்டும் இடத்தைக் குறித்துக்கொள்ள ஜி.பி.எஸ். பேரப்பிள்ளையின் கைப்பேசியிலேயே இருக்கிறது.