மிச்சச் சோறும் மிச்ச நேரமும்

'பெற்றோர்களே, முதலில் உங்கள் உடல்நலத்தைக் கவனியுங்கள். அப்போதுதான் பிள்ளைகளும் கவனிப்பார்கள்.' உடல் பருமன் பற்றிப் பேச்சு எழும் இடங்களிலெல்லாம் இப்போது இந்த அறிவுரையும் சேர்ந்தே வருகிறது. செய்தித்தாள் இணைப்பிதழில், பள்ளியின் பெற்றோர் கூட்டத்தில், யூடியூப் மருத்துவர்களின் காணொலிகளில் என்று எங்கும் கேட்கிறோம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், பெற்றோர் என்ற சொல்லில் இரண்டு பேர் இருக்கிறார்கள். அறிவுரையில் ஒருவர்தான் இருக்கிறார். எண்ணெயைக் குறைக்க வேண்டியவள், டிபன் டப்பாவில் காய் வைக்க வேண்டியவள், பிள்ளை சிப்ஸ் தின்றால் பதில் சொல்ல வேண்டியவள் எல்லாம் அம்மாதான். பிள்ளை குண்டாக இருந்தால், 'என்னத்தைப் போட்டு வளர்க்கிறாளோ' என்பார்கள். ஒல்லியாக இருந்தால், 'ஒழுங்காச் சோறு போடுறதில்லையா' என்பார்கள். அப்பா என்ன போட்டு வளர்த்தார் என்று யாராவது கேட்டு நீங்கள் கேள்விப்பட்டதுண்டா?

2025 பிப்ரவரியில் பிரதமர் தன் வானொலி உரையில் உடல் பருமனைப் பற்றிப் பேசினார். மாதந்தோறும் பயன்படுத்தும் சமையல் எண்ணெயை 10 சதவீதம் குறையுங்கள் என்றார். பத்துப் பிரபலங்களின் பெயர்களையும் இந்த இயக்கத்துக்கு முன்மொழிந்தார். நல்ல யோசனைதான். ஆனால் அந்த 10 சதவீதத்தை வாணலியில் குறைக்கப்போவது யார்? 'என்ன இது, பொரியல் ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரி இருக்கு' என்று தட்டு தள்ளிவைக்கப்படும்போது எதிரில் நிற்கப்போவது யார்? நாட்டுக்குச் சொன்ன அறிவுரை, வீட்டில் ஒருத்தியின் கூடுதல் வேலையாக வந்து இறங்குகிறது.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் அதிக எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள் 2015-16இல் 30.9 சதவீதம். 2019-21இல் அது 40.4 சதவீதம். அதே ஆய்வில், அதே வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. உடம்பில் எடை கூடுகிறது, ரத்தத்தில் இரும்புச்சத்து இல்லை. இந்த இரண்டும் ஒரே உடம்பில் இருப்பது மருத்துவர்களுக்குப் புதிய செய்தி அல்ல. 'நன்றாகத் தின்று கொழுத்திருக்கிறாள்' என்று ஊர் சொல்லும் பெண், உண்மையில் சரியாகச் சாப்பிடாதவளாக இருக்கலாம்.

அவள் எப்படிச் சாப்பிடுகிறாள் என்று பாருங்கள். காலையில் எல்லோரையும் அனுப்பிவிட்டு, பதினோரு மணிக்குப் பிள்ளை வைத்துவிட்டுப் போன அரை இட்லி, நேற்றைய தோசை மாவில் ஒன்று, இரண்டாவது டீ, கூட நாலு பிஸ்கட். மதியம் எல்லோரும் சாப்பிட்ட பிறகு, வீணாகிவிடக் கூடாதே என்று சட்டியில் ஒட்டியிருப்பதையெல்லாம் வழித்துச் சோற்றில் பிசைந்துகொள்வது. மீன் துண்டும் முட்டையும் அவருக்கும் பிள்ளைகளுக்கும். அவளுக்குக் குழம்பும் நிறையச் சோறும். வெள்ளி, செவ்வாய் விரதம் வேறு. அந்த விரதமும் கணவரின் ஆயுளுக்காக, பிள்ளைகளின் படிப்புக்காக. தன் உடம்புக்காக அவள் பட்டினி கிடந்ததுமில்லை, தன் உடம்புக்காகச் சாப்பிட்டதுமில்லை. குப்பைக்கூடைக்குப் போக வேண்டியதைத் தன் வயிற்றில் போட்டுக்கொள்வதைச் சிக்கனம் என்று நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். அதைத் தியாகம் என்று பாராட்டவும் செய்கிறார்கள். பாராட்டினால் சர்க்கரை குறைவதில்லை.

அடுத்த அறிவுரை, 'தினமும் நடங்கள்'. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாளுக்கு 22 நிமிடம்கூட முழுதாக இல்லை. அதைக்கூட ஒதுக்க முடியாதா என்று கேட்பவர்கள், ஒன்றிய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பார்க்க வேண்டும். ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் அதற்காக ஒரு நாளில் செலவிடுவது சராசரியாக 289 நிமிடம். அதில் ஈடுபடும் ஆண் செலவிடுவது 88 நிமிடம். அதிலும், பெண்களில் 81.5 சதவீதம் பேர் இந்த வேலையைச் செய்கிறார்கள், ஆண்களில் 27.1 சதவீதம் பேர்தான் அந்தப் பக்கமே போகிறார்கள். இரண்டுக்கும் இடையில் உள்ள வித்தியாசம் 201 நிமிடம். அதில் பத்தில் ஒரு பங்கைக் கொஞ்சம் தாண்டித் திருப்பிக் கொடுத்தாலே அந்தப் பெண்ணுக்கு 22 நிமிடம் கிடைத்துவிடும். ஆகவே, அவளிடம் இல்லாதது மன உறுதி அல்ல, நேரம். அந்த நேரமும் காணாமல் போகவில்லை. சோபாவில் செல்போனோடு உட்கார்ந்திருக்கிறது.

இதற்கு ஒரு பதில் தயாராக வைத்திருக்கிறார்கள். 'அந்தக் காலத்தில் பாட்டி அம்மியில் அரைத்தார், ஆட்டுக்கல்லில் மாவாட்டினார், குண்டாகவா இருந்தார்? மிக்ஸியும் கிரைண்டரும் வந்துதான் பெண்கள் பெருத்துவிட்டார்கள்.' சரி, அதே ஆய்வில் தமிழக ஆண்களின் கணக்கு 28.2 சதவீதத்திலிருந்து 37 சதவீதத்துக்கு ஏறியிருக்கிறதே, அவர்கள் எந்த ஆட்டுக்கல்லை விட்டார்கள்? தெருமுனைப் பெட்டிக்கடைக்கும் பைக்கில் போகும் ஆணைப் பார்த்து, 'உன் தாத்தா பத்து மைல் நடந்தார்' என்று யாரும் சொல்வதில்லை. ஆணின் தொப்பை வசதியின் அடையாளம். பெண்ணின் இடுப்பு அவள் சோம்பலின் அடையாளம். பாட்டிக்கு முதுகு கூனியதையும் கர்ப்பப்பை இறங்கியதையும் இந்தப் பழம்பெருமைக்காரர்கள் எந்தக் கணக்கில் எழுதுவார்கள்?

நேரம் கிடைத்தாலும் நடக்க இடம் வேண்டும். 2023 நவம்பரில் தமிழக அரசு மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை ஒன்றைத் தேர்ந்தெடுத்து 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தைத் தொடங்கியது. வரவேற்போம். ஆனால் விடிகாலை ஐந்தரை மணிக்கு மதிய உணவு கட்டிக்கொண்டிருக்கும் பெண்ணுக்கும், இரவு எட்டு மணிக்கு விளக்கில்லாத தெருவில் இறங்கத் தயங்கும் பெண்ணுக்கும் அந்தப் பாதை எட்டுவதில்லை. திருப்பூரில் ஷிப்ட் முழுக்கத் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்துவிட்டு, வீட்டுக்கு வந்து அடுப்பின் முன் நிற்கும் தொழிலாளிக்கு 'ஆக்டிவாக இருங்கள்' என்பது அறிவுரை அல்ல, கேலி. ரேஷன் கடையில் அரிசி இலவசம். பாமாயிலும் பருப்பும் மலிவு. பசியை விரட்டிய திட்டம் அது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் காய்க்கும் கீரைக்கும் பழத்துக்கும் அவள் சந்தை விலைதான் கொடுக்க வேண்டும். சிறுதானியமும் சாலடும் சாப்பிடச் சொல்பவர்கள் அவள் கைப்பையைத் திறந்து பார்ப்பதில்லை.

இனி, இந்த அறிவுரையின் நடுவில் இருக்கும் முள்ளுக்கு வருகிறேன். 'நீங்கள் நன்றாக இருந்தால்தான் குடும்பம் நன்றாக இருக்கும்.' அன்பாகச் சொல்வதுபோல இருக்கிறது. மிக்ஸி ஓட வேண்டுமென்றால் பிளேடைத் தீட்ட வேண்டும் என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பெண்ணின் உடல் நலமாக இருக்க, அதை யாரோ பயன்படுத்திக்கொள்கிறார்கள் என்பதே காரணமா?

இந்த மனப்பான்மை மருத்துவத்திலும் இருக்கிறது. தமிழகத்தில் கர்ப்பிணிகளுக்குச் சர்க்கரைப் பரிசோதனை செய்கிறோம், நல்ல விஷயம். கர்ப்பத்தில் சர்க்கரை வந்த பெண்ணுக்குப் பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். அதனால் பிரசவம் முடிந்த சில வாரங்களில் மறுபடி பரிசோதிக்க வேண்டும், பிறகும் தொடர்ந்து பார்த்துவர வேண்டும். எத்தனை வீடுகளில் இது நடக்கிறது? பிள்ளையின் தடுப்பூசி அட்டையில் தேதி தவறினால் மொத்தக் குடும்பமும் பதறும். அம்மாவின் ரத்தப் பரிசோதனை 'அப்புறம் பார்த்துக்கலாம்' ஆகிவிடும். வயிற்றில் பிள்ளை இருந்தவரை அவள் உடம்புக்கு மதிப்பு இருந்தது. பிள்ளை இறங்கியதும் அது வெறும் 'பிள்ளை பெத்த உடம்பு'.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இது ஒல்லியாவது பற்றிய பேச்சல்ல. பெண் பார்க்க வரும்போது 'கொஞ்சம் பூசினாப்ல' என்றும், கல்யாணத்துக்குப் பின் 'இப்படி ஊதிட்டியே' என்றும் சொல்லும் வாய்களுக்கு நாம் பதில் சொல்லத் தேவையில்லை. நம் இடுப்பளவு யாருடைய பொதுச்சொத்தும் அல்ல. முட்டிவலியோடு போகும் பெண்ணை, காலைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் 'எடையைக் குறைங்கம்மா' என்று அனுப்பிவிடுவதும் மருத்துவம் அல்ல. அதேநேரம், உடலைக் கேலி செய்யாதே என்று சொல்வதோடு நாம் நின்றுவிடவும் முடியாது. சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் பெண்ணியம் பார்த்து விலகி நிற்பதில்லை.

என்ன செய்யலாம்? தன்மேல் அக்கறை வேண்டும் என்று இன்னொரு பாடத்தைப் பெண்ணுக்கு நடத்த வேண்டாம். அவளிடம் ஏற்கெனவே வேலைப் பட்டியல் நீளம். வீட்டில் சமையலைப் பங்கு போடுங்கள். 'உதவி' என்ற சொல்லை விடுங்கள். தன் வீட்டில் தான் தின்ற தட்டைக் கழுவுவது உதவி அல்ல. மீன் துண்டை எண்ணிப் பரிமாறுங்கள், உங்கள் தட்டையும் சேர்த்து எண்ணுங்கள். மிச்சத்தை எல்லோரும் பகிர்ந்துகொள்ளட்டும், இல்லையென்றால் குப்பைக்குப் போகட்டும். பள்ளிக்கூடங்கள் 'ஆரோக்கிய உணவு' பற்றிய சுற்றறிக்கையை அப்பாக்களின் செல்போனுக்கும் அனுப்பட்டும்.

அரசிடமும் கேட்போம். 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் பிள்ளைகளின் பசியைப் போக்கியதோடு, பல தாய்மார்களின் காலை நேரத்தையும் கொஞ்சம் மீட்டுத் தந்தது. சமையலைப் பொதுப் பொறுப்பாக்க முடியும் என்பதற்கு அது சான்று. தெருவிளக்கும் கழிப்பறையும் உள்ள பூங்கா, பெண்களுக்கு வசதியான நேரத்தில் திறந்திருக்கும் விளையாட்டுத் திடல், வேலையிடத்தில் மருத்துவப் பரிசோதனை ஆகியவை அதே வழியில் அடுத்த படிகள். சர்க்கரையும் உப்பும் கொழுப்பும் மிகுந்த பாக்கெட்டுகளின் முகப்பில் கறுப்பு எச்சரிக்கை முத்திரை போட வேண்டும் என்று சிலி நாடு 2016இலேயே சட்டத்தை நடைமுறைப்படுத்தியது. இங்கே பாக்கெட்டின் பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்துப் பிள்ளையைக் காப்பாற்றும் வேலையும் அம்மாவுக்குத்தான்.

கடைசியாக, இதை வாசிக்கும் தோழிகளுக்கு ஒன்று. நீங்கள் நடக்கக் கிளம்பும்போது, மருத்துவரிடம் போகும்போது, சூடாக முதல் தோசையை எடுத்துத் தின்னும்போது, 'எதுக்கு இப்ப?' என்று யாராவது கேட்பார்கள். 'பிள்ளைகளுக்காக', 'உங்களைப் பார்த்துக்கணுமில்ல' என்று சொல்லித் தப்பிக்கத் தோன்றும். அந்தப் பதில் அப்போதைக்கு வேலை செய்யும். ஆனால் பிள்ளைகள் வளர்ந்து போன மறுநாளே அந்த அனுமதிச் சீட்டு செல்லாமல் போய்விடும். ஆகவே இப்போதே சொல்லிப் பழகுங்கள்: 'எனக்காக.'