கனெக்டர்ல போய் என்ன இருக்கு?

பி.காம் படிக்கிறவனுக்கு ஆன்டெனாவில் என்ன வேலை என்று கேட்பீர்கள். சில நூறு ரூபாய் சாமானில் மிச்சம் பிடிக்கப்போய் பல ஆயிரம் ரூபாய் சாமானை வீணாக்குவது கணக்குப் பாடம்தானே மக்கா!

குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கம் விசைப்படகுகளில் வி.எச்.எஃப். வயர்லெஸ் செட் பார்த்திருப்பீர்கள். வாங்கும்போது எத்தனை வாட் என்று கேட்பார்கள் (25 தான் உச்சம்). கேபிள் நுனியில் இருக்கும் கனெக்டரைப் பற்றி யார் கேட்கிறார்கள்? வழக்கமாக வருவது பி.எல். 259. 1930-களில் அமெரிக்காவின் ஆம்பினால் கம்பெனியில் பிறந்தது. பெயர் 'யு.எச்.எஃப். கனெக்டர்', ஆனால் சுமார் 300 மெகாஹெர்ட்ஸ் தாண்டினாலே திணறும். நல்ல பெயர்ப் பொருத்தம் :-)

படகுக்கு அது குறையில்லை. அவசர அழைப்புக்கான 16-ம் சேனல் 156.8 மெகாஹெர்ட்ஸ்தான். வில்லன் தண்ணீர். பி.எல். 259-ல் தண்ணீரைத் தடுக்க ரப்பர் வளையம் கிடையாது. உப்புத்தண்ணீர் உள்ளே போனால் செம்புப் பின்னலில் பச்சைக் களிம்பு பிடித்து, கேபிள் வழியாகவே கீழே இறங்கும். 3 டெசிபல் இழப்பு என்றால் 25 வாட்டில் பாதி போச்சு. கேட்பதும் மங்கிவிடும். செட்டில் லைட் மட்டும் ஜோராக எரியும்!

1940-களில் பெல் லேப்ஸின் பால் நீல் வடிவமைத்த 'என்' டைப்பில் அந்த வளையம் உண்டு. கம்பத்து உச்சிக்கு அதுதான் சரி என்பது என் கட்சி. கேபினுக்குள் பழையதே இருக்கட்டும்.

2017 நவம்பர் 30 ஒக்கி நினைவிருக்கும். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஆட்கள் ஆழ்கடலில் இருந்தார்கள், எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. நல்ல கனெக்டர் இருந்திருந்தால் எல்லோரும் பிழைத்திருப்பார்கள் என்று கதைவிட மாட்டேன். 9 மீட்டர் உயர ஆன்டெனா இரண்டுக்கு இடையே வி.எச்.எஃப். எட்டுவது சுமார் 25 கிலோமீட்டர்தான், கரை அதற்கெல்லாம் அப்பால். ஆனால் ஒரு படகு கேட்டதை அடுத்த படகுக்குச் சொல்லலாம். அந்தச் சங்கிலியில் ஒரு செட் ஊமையானாலும் அதற்கு அப்பால் இருப்பவர்களுக்குச் செய்தி போகாமல் நின்றுவிடலாம்.

அதனால் மானியத்தில் செட் கொடுப்பவர்கள் ஆன்டெனா, கேபிள், கனெக்டர் எல்லாவற்றையும் ஒரே பில்லில் சேர்த்துக் கொடுக்கட்டும். அதுவரை, தன்மேல் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்து இறுக்கிச் சுற்றி, அதன் மேல் சாதா டேப் ஒரு சுற்று. சாதா டேப் மட்டும் போட்டால் நம்ம ஊர் வெயிலுக்குப் பசை இளகிப் பிரிந்துவிடும்.