ஆணி அறைந்தால் தீருமா?

முழங்கால் வலியால் நாற்காலியில் அமர்ந்து தொழும் முதியவர்கள் இன்று பல இல்லங்களில் இருக்கின்றனர். அமரும்போதும் எழும்போதும் அவர்களுடைய உடலின் பாரம் நாற்காலியின் கால்கள் மீதும், அவற்றைப் பிணைக்கும் சட்டங்கள் மீதும் விழுகிறது. அப்பிணைப்பு தளர்ந்திருந்தால் நாற்காலி பக்கவாட்டில் சாயும். முதுமையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் மீண்டெழுவது எத்துணை கடினம் என்பதை வாசகர்கள் அறிவர். ஆயினும், நாற்காலி ஆடத் தொடங்கியதும் நாம் செய்வது என்ன? இரண்டு அங்குல ஆணி ஒன்றை எடுத்து இணைப்பின் மீது அறைகிறோம். சில நாட்கள் அது அசையாமல் நிற்கும். பின்னர் முன்னிலும் மோசமாக ஆடும்.

இதன் காரணம் மரத்தின் இயல்பில் இருக்கிறது. வெட்டி அறுத்த பின்னரும் மரம் ஈரக்காற்றில் நீரை ஈர்த்து உப்பும். வறண்ட காற்றில் நீரை இழந்து சுருங்கும். நார் ஓடும் நீளவாக்கில் இம்மாற்றம் மிகவும் குறைவு, அகலவாக்கிலேயே மிகுதி. காலில் துளையிட்டு, சட்டத்தின் முனையைக் கழுந்தாகச் செதுக்கி அதில் செருகுகிறார் தச்சர். அங்கே ஒன்றின் நார் நெடுக்காகவும் மற்றதன் நார் குறுக்காகவும் சந்திக்கின்றன. பருவம் மாறுந்தோறும் இரண்டும் வெவ்வேறு அளவில் அசைகின்றன. கழுந்து துளைக்குக் கச்சிதமாகப் பொருந்தியிருந்தால் இவ்வசைவைப் பசை பெரிதும் தாங்கிக்கொள்ளும். தொடக்கத்திலேயே இருந்த இடைவெளியை மரத்தூளும் பசையும் குழைத்து மூடியிருந்தால் தாங்காது. இரும்பாணியோ மரத்துடன் சேர்ந்து அசையாது. சுற்றியுள்ள நாரை நசுக்கித் தன் துளையைத் தானே பெரிதாக்கும்; சிலவேளை கழுந்தையே பிளந்துவிடும்.

மரத்தின் அசைவுக்கு இடங்கொடுத்து வேலை செய்யும் கலையை முஸ்லிம் உலகின் தச்சர்கள் நெடுங்காலத்துக்கு முன்பே அறிந்திருந்தனர். சுல்தான் நூருத்தீன் ஹலப் நகரில் 1168-69ஆம் ஆண்டளவில் மிம்பர் ஒன்றைச் செய்வித்தார். 1187இல் பைத்துல் முகத்தஸை மீட்ட சுல்தான் ஸலாஹுத்தீன் அதை மஸ்ஜிதுல் அக்ஸாவில் நிறுவினார். 1969 ஆகஸ்டில் அது தீவைப்புக்கு இரையாயிற்று. ஜோர்தானில் கைவினைஞர்கள் அதேபோன்ற மிம்பரைப் பழைய முறைப்படி, ஆணியும் பசையுமின்றிச் சிறு துண்டுகளைக் கோத்துச் செய்து முடித்தனர்; 2007இல் அது அக்ஸாவில் வைக்கப்பட்டது. துண்டு சிறிதாக இருந்தால் அதன் சுருக்கமும் சிறிதாகும், வெடிப்புக்கு இடமில்லை. நம் வீட்டுக் கதவுக்கும் இதே விதிதான். சட்டங்களின் பள்ளத்தில் செருகிய நடுப்பலகையைப் பசையிட்டு ஆணியடித்துப் பூட்டினால் கோடையில் அது பிளக்கும்.

இனி, ஆடும் நாற்காலியைச் செப்பனிடும் முறையைக் காண்போம். முதலில் ஆணிகளைப் பிடுங்குங்கள். இணைப்பின் மீது மரக்கட்டை ஒன்றை வைத்து மெல்லத் தட்டிப் பிரியுங்கள். பழைய வச்சிரப் பசையாயின், வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி வைத்தால் இளகும். இக்காலத்து வெள்ளைப் பசையாயின் வெதுவெதுப்பான வினிகர் உதவும். ஈரம் உலர்ந்தபின், பழைய பசையை உளியால் முற்றாகச் சுரண்டி எடுங்கள். காய்ந்த பசையின் மேல் புதுப்பசை சரிவர ஒட்டாது. பலர் தவறவிடும் இடம் இதுவே.

அடுத்து, பசையின்றிச் செருகிப் பாருங்கள். கையால் அழுத்தினால் உள்ளே செல்லும் அளவு இறுக்கம் வேண்டும். தொளதொளவென்று இருந்தால், கழுந்தின் பக்கங்களில் அதே இன மரத்தின் மெல்லிய சில்லை, நார் ஒரே திசையில் ஓடுமாறு ஒட்டுங்கள். காய்ந்தபின் இழைத்துப் பொருத்துங்கள். கழுந்து ஒடிந்திருந்தால், எஞ்சியதை அறுத்துவிட்டுச் சட்டத்தின் முனையிலும் துளையிட்டு, தனியே செய்த கழுந்தை இரு துளைகளிலும் செருகலாம். இறுதியில் பசையிட்டு, கயிற்றைச் சுற்றிக் குச்சியால் முறுக்கி இறுக்குங்கள். நான்கு கால்களும் சமதளத்தில் படிகின்றனவா, மூலைக்கு மூலை அளவு ஒத்திருக்கிறதா எனப் பார்த்து, ஒருநாள் முழுவதும் அசைக்காமல் விட்டுவிடுங்கள்.

புதிதாகச் செய்விப்போர் நன்கு உலர்ந்த மரத்தையே வாங்க வேண்டும். கழுந்தின் கனம் சட்டத்தின் கனத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இருக்கட்டும். அளவுகள் அனைத்தையும் ஒரே முகப்பிலிருந்து குறித்தல் நலம். பென்சில் கோட்டைவிடக் கத்தியால் கீறிய கோடு துல்லியமானது. எல்லாவற்றுக்கும் மேலாக, பசையிடுமுன் முழுப்பொருளையும் ஒருமுறை வெறுமனே கோத்துப் பார்த்துவிட வேண்டும். தவறு அப்போது தெரிந்தால் திருத்தம் எளிது.

கழுந்து துளைக்குள் மறைந்தபின் அதன் தரம் தச்சருக்கு மட்டுமே தெரியும். பாலிஷ் பூசிய பொருளில் இடைவெளியைக் கண்டுபிடிக்க வாங்குபவரால் இயலாது. ஆகவே அந்த வேலை அவரிடம் ஒப்படைத்த அமானிதம். நமக்கும் ஒரு கடமை உண்டு. பெருநாளைக்குள் முடித்தாக வேண்டும் என்று அவசரப்படுத்தி, கூலியிலும் பேரம் பேசினால், ஆணியையும் மரத்தூளையும் நாமே கேட்டு வாங்கியவர்களாவோம். பாலிஷ் பூசுமுன் ஒருமுறை பட்டறைக்குச் சென்று இணைப்புகளைப் பாருங்கள். செம்மையான வேலைக்குரிய காலத்தையும் கூலியையும் மனமுவந்து கொடுங்கள்.