பனி விழுமுன் அந்த மண்ணை அள்ளுங்கள்

பழைய ராணுவக் குடியிருப்பு நிலத்தின் தூய்மைப் பணிக்குப் பொறுப்பேற்றிருக்கும் மதிப்பிற்குரிய அதிகாரி அவர்களுக்கு,

உங்களுக்கு நான் எழுதும் எட்டாவது கடிதம் இது. முந்தைய ஏழையும் ஆங்கிலத்தில் எழுதி, உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பினேன். ஏழுக்கும் ஒரே பதில்தான் வந்தது: உங்கள் கவலை பதிவு செய்யப்பட்டுள்ளது. எட்டாவதைத் தமிழில், எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். உங்களுக்கு மொழிபெயர்ப்பு தனியே வரும். ஆனால் இதை முதலில் படிக்க வேண்டியவர்கள், வேலைக்காக அமெரிக்கா வந்து, ராணுவம் காலி செய்த நிலங்களில் எழும்பிய வீடுகளுக்குக் குடிவரும் எங்கள் ஆட்கள். எங்கள் வரிசையில் மட்டும் ஒன்பது தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. ஒன்பது வீட்டு வாடகை ஒப்பந்தத்திலும் முப்பத்தோராம் பக்கத்தில் 'மண்ணைத் தோண்டக் கூடாது' என்று ஒரு வரி இருக்கிறது. ஏன் தோண்டக் கூடாது என்று எந்தப் பக்கத்திலும் இல்லை.

உங்களிடம் சட்டம் பேச எனக்கு எண்ணமில்லை. எந்த அளவைத் தாண்டினால் மண்ணை அள்ள வேண்டும், அள்ளியதை எங்கே கொண்டுபோக வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் அள்ளினீர்கள். அள்ளிய மண்ணை என்ன செய்தீர்கள் என்பதுதான் என் கேள்வி.

முந்தின ஆண்டு கோடையில் என் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தாள். மன்னார்குடிப் பக்கத்து விவசாயக் குடும்பம். சும்மா உட்காரத் தெரியாது. தெற்குச் சுவரோரம் நல்ல வெயில் விழுகிறது என்று இந்தியன் ஸ்டோரில் விதை வாங்கிச் சுரைக்கொடி போட்டாள். ஆகஸ்டில் காய் இறங்கியது. கூட்டு வைத்தோம், பாலில் வேகவைத்தோம், அடுத்த வீட்டுக்கு இரண்டு காய் கொடுத்தோம். செப்டம்பரில் உங்கள் ஆட்கள் இருவர் வந்தார்கள். சுவரோரமாக நடந்து, இளஞ்சிவப்புக் கொடி கட்டிய கம்பிகளை நட்டுக்கொண்டே போனார்கள். அதில் ஒன்று சரியாகச் சுரைக்கொடியின் வேரருகில் இறங்கியது. எதற்கு என்று கேட்டேன். மண் பரிசோதனை, பழைய கரையான் மருந்து, குளோர்டேன் என்றார் ஒருவர்.

அம்மாவுக்கு அதை எப்படிச் சொல்வது என்று யோசித்துவிட்டு, "எண்ட்ரினோட பங்காளிம்மா" என்றேன்.

எண்ட்ரின் என்றால் என்னவென்று பழைய தஞ்சாவூர் மாவட்டத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நெல்லுக்கு அடித்த மருந்து. மானம் போய், வழி தெரியாமல் நின்ற வீடுகளில் மனிதர்கள் எடுத்துக் குடித்த மருந்தும் அதுதான். குளோர்டேன் அதே வேதிக் குடும்பம். உலக நாடுகள் 2001இல் ஸ்டாக்ஹோமில் கூடி, முதலில் ஒழிக்க வேண்டியவை என்று பட்டியலிட்ட பன்னிரண்டு நச்சுகளில் இரண்டுமே இருக்கின்றன. உங்கள் நாடு அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது. ஏற்புறுதி மட்டும் இன்றுவரை செய்யவில்லை.

அம்மா மறுபேச்சுப் பேசவில்லை. கொடியை வேரோடு பிடுங்கிக் குப்பைப் பையில் போட்டு இறுகக் கட்டினாள். எருக்குழியில் சேர்க்கவும் விடவில்லை. பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். அவளுக்கு ஆங்கிலம் வராது. "தெரியாம குடுத்துட்டேன்னு சொல்லுடா. தெரிஞ்சப்புறம் சொல்லாம இருந்தா அது பாவம்" என்றாள். அவர்கள் வாசலில் நின்று நான் அதை மொழிபெயர்த்தேன்.

கனெக்டிகட் வேளாண் ஆய்வு நிலையத்தின் ஆய்வுகளைப் பிற்பாடுதான் படித்தேன். பல்லாண்டுகள் மண்ணில் இறுகிக் கிடந்த குளோர்டேனைக்கூடச் சுக்கினி போன்ற காய்கள் வேர்வழியே இழுத்துக்கொள்ளும். சுரையும் பூசணியும் அதே தாவரக் குடும்பம். எங்கள் வீட்டில் எத்தனை நாள் கூட்டு வைத்தோம் என்று அன்றிரவு நானும் மனைவியும் விரல்விட்டு எண்ணினோம்.

இந்த மருந்து எப்படி இங்கே வந்தது என்பதில் மர்மம் ஒன்றுமில்லை. 1940களின் இறுதியில் விற்பனைக்கு வந்தது. கடைக்காலைச் சுற்றிப் பள்ளம் வெட்டி ஊற்றினார்கள். கட்டி முடித்த வீடுகளில் தரையைத் துளைத்து உள்ளே ஏற்றினார்கள். வீட்டுக்குள் இருப்பவர்களை இது என்ன செய்யும் என்ற கேள்வியே ராணுவ வீடுகளிலிருந்துதான் பெரிதாக எழுந்தது. வீட்டுத் தரைக்கு அடியில் போன காற்றுக் குழாய்களில் மருந்து இறங்கி, குடும்பங்கள் அதைச் சுவாசித்துக்கொண்டிருந்தன. 1979இல் தேசிய அறிவியல் கழகம் ராணுவக் குடியிருப்புகளுக்கென்றே ஆராய்ந்து, ஒரு கன மீட்டர் காற்றில் 5 மைக்ரோகிராமுக்கு மேல் குளோர்டேன் கூடாது என்று சொன்னது. 1988இல் விற்பனையே நின்றது. ஈரலையும் நரம்பையும் கெடுக்கும், புற்றுநோய் வரவைக்கக்கூடும் என்று உங்கள் நாட்டு அரசே எழுதிவைத்திருக்கிறது. மண்ணில் இருபது ஆண்டுக்கு மேலும் அப்படியே கிடக்கும் என்றும் எழுதிவைத்திருக்கிறது.

வீட்டை இடிக்கும்போதுதான் ஆபத்து பெருகுகிறது. சுவரோரம் ஒரு முழ அகலத்தில் அடங்கிக் கிடந்ததைப் புல்டோசர் புரட்டி நிலம் முழுக்கப் பரப்பிவிடும். ஹவாயில் கனேயோஹே மரைன் தளத்தில் பழைய வீடுகளை இடித்துப் புதியவை கட்டினார்கள். மண்ணில் பூச்சிமருந்து இருந்ததை எங்களிடம் சொல்லவில்லை என்று அங்கே குடியிருந்த குடும்பங்கள் 2014இல் நீதிமன்றம் போயின. ஆகவே, இது முதல்முறை, அனுபவமில்லை என்று உங்களால் சொல்ல முடியாது.

இனி நீங்கள் அள்ளிய மண்ணுக்கு வருகிறேன்.

போன ஆண்டு அக்டோபரில் எங்கள் தெற்குச் சுவரோரம் இயந்திரம் வைத்து மண்ணை வெட்டி எடுத்தீர்கள். மூன்று நாள் டிரக்குகள் போவதும் வருவதுமாக இருந்தன. புது மண் கொட்டிப் புல் விதைத்தீர்கள். எடுத்ததை ஊரை விட்டே கொண்டுபோயிருப்பார்கள் என்று நம்பினேன். உங்களுக்கு நன்றி சொல்லி ஒரு கடிதம்கூட எழுதினேன். ஏழில் அதுவும் ஒன்று.

டிரக்குகள் ஊரை விட்டுப் போகவில்லை. இரண்டு வரிசை தள்ளி, குழந்தைகள் விளையாடும் மைதானத்தின் பின்புறம்வரைதான் போயின. அங்கே கொட்டிக் குவித்து, மேலே கறுப்புத் தார்ப்பாய் போட்டு, சுற்றிலும் இடுப்பளவு ஆரஞ்சு வலை கட்டினார்கள். பலகை ஒன்று வைத்தார்கள். அது சாலையைப் பார்த்து நின்றது. குழந்தைகள் வருவது மைதானத்துப் பக்கமிருந்து.

டிசம்பரில் காற்றில் வலை சாய்ந்தது. பனி பெய்தது. எங்கள் பகுதி தட்டை நிலம்; மேடு என்று சொல்ல வேறெதுவும் கிடையாது. பனி மூடியதும் அந்தக் குவியல் வெள்ளைக் குன்றாக நின்றது. குழந்தைகள் அதில் ஏறிச் சறுக்கினார்கள். ஜனவரி முழுக்க, பள்ளிவிட்டு வந்ததும் இருபது முப்பது பிள்ளைகள். என் மகள் இரண்டாம் வகுப்பு. அவளுக்குச் சிவப்பு பிளாஸ்டிக் சறுக்குப் பலகை வாங்கித் தந்தவன் நான். கயிற்றைப் பிடித்து மேட்டின் உச்சிவரை இழுத்துப் போனவனும் நான்தான்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, தார்ப்பாய் கிழிந்ததைச் சரிசெய்ய ஒருவர் வந்தார். தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடை, கையில் உறை, முகத்தில் வடிகட்டி வைத்த மாஸ்க். அவர் குனிந்து கிழிசலை மூடிக்கொண்டிருக்க, மூன்றடி தள்ளி என் மகள் நின்றாள். அவளுடைய கம்பளிக் கையுறையில் பனிக்கட்டி ஒட்டியிருந்தது. பழுப்பாக இருந்தது. அதை நக்கிக்கொண்டு அவரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் ஓடிப்போய் அவளைத் தூக்கினேன். இது எந்த மண் என்று அவரைக் கேட்டேன். அவர் மாஸ்க்கை இறக்கி, "உங்களுக்குச் சொல்லவில்லையா?" என்று கேட்டார்.

சொல்லவில்லை. உங்கள் அலுவலகத்தில் யாரும் சொல்லவில்லை.

மார்ச்சில் பனி உருகியது. மேட்டின் அடியிலிருந்து செம்பழுப்பு நீர் வழிந்து, மைதானத்தின் ஊஞ்சல் அருகே தேங்கி, பிறகு வாகன நிறுத்தம் வழியாக வடிகாலுக்கு இறங்கியது. படம் எடுத்து அனுப்பினேன். குளோர்டேன் நீரில் எளிதில் கரையாது என்று உங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவர் தொலைபேசியில் சொன்னார். உண்மைதான், கரையாது. மண்துகளில் ஒட்டிக்கொள்ளும். அந்தத் துகள்தான் செம்பழுப்பாக ஓடியது. இதைத் தெரியாதவர் சொல்லியிருந்தால் பொறுத்திருப்பேன். அதைத் தெரிந்துவைத்திருப்பதுதான் அவருடைய வேலை.

ஊஞ்சலின் கீழே மண் எடுத்துப் பாருங்கள் என்று ஏப்ரலில் எழுதினேன். பெற்றோருக்கு ஒரு துண்டுக் காகிதமாவது கொடுங்கள் என்று ஜூனில் எழுதினேன். குவியலை எடுப்பதற்கான ஒப்பந்தம் பரிசீலனையில் இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். வேலியை மட்டும் ஒருமுறை நிமிர்த்திக் கட்டினார்கள். செப்டம்பரில் அது மறுபடி சாய்ந்தது.

ஐயா, அது நஞ்சு என்று உங்களுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நீங்களே சோதித்தீர்கள், கொடி நட்டீர்கள், அளவு தாண்டியது என்று கையெழுத்திட்டீர்கள். எங்கள் சுவரோரம் கிடக்கக் கூடாத மண் என்று முடிவுசெய்தவரே நீங்கள்தான். என் வீட்டுச் சுவருக்கு ஆகாத மண் ஊஞ்சலுக்குப் பக்கத்தில் எப்படி ஆகும்? புல்லுக்கு அடியில் புதைந்து கிடந்ததைத் தோண்டி எடுத்து, குழந்தைகள் ஏறி விளையாடும் உயரத்துக்கு நிறுத்திவைத்ததற்குத் தூய்மைப் பணி என்று பெயர் வைத்து, அதற்கு ஒருவர் சம்பளம் வாங்குகிறார் என்றால், அந்தச் சம்பளம் அவருக்கு எப்படிச் செரிக்கிறது?

படிப்பில்லாத ஒரு கிழவி, இரண்டு சுரைக்காய் கொடுத்ததற்காக அடுத்த வீட்டு வாசலில் போய் நின்றாள். உங்களுக்கு ஒரு வாசலுக்குப் போகவும் மனம் வரவில்லை. இருபது முப்பது பிள்ளைகள் அந்த மேட்டில் உருண்டார்கள். ஒரு வீட்டுக்கும் நீங்கள் சொல்லவில்லை. என் மகளின் கையுறையை நான் இன்னும் தூக்கி எறியவில்லை. பையில் கட்டி வைத்திருக்கிறேன். வந்து வாங்கிச் சோதித்துப் பாருங்கள்.

இந்தக் குடியிருப்பின் தமிழ்ப் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. அந்த மேட்டுப் பக்கம் பிள்ளைகளை விடாதீர்கள். சுவரோரம் எதுவும் நடாதீர்கள். கீரைக்குத் தொட்டியும் கடையில் வாங்கிய மண்ணும் போதும். வெளியே போய் வந்த செருப்பை வாசலிலேயே விடுங்கள்; நம் ஊர்ப் பழக்கம்தான்.

அதிகாரி அவர்களே, அந்த மண்ணை அள்ளிக்கொண்டு போங்கள். அது கிடந்த இடத்தையும் ஊஞ்சலின் அடியையும் சோதித்து, வந்த எண்ணை எங்களிடம் சொல்லுங்கள். குவித்துப் பதின்மூன்று மாதமாகிறது. இன்று நவம்பர் எட்டு. அடுத்த வாரம் முதல் பனி விழும் என்கிறது வானிலை அறிக்கை. வேலி இன்னும் சாய்ந்துதான் கிடக்கிறது.