முள் அசையாத மூன்று மாதம்

எடை பார்க்கும் மெஷின்மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. "மூணு மாசமா நடக்குறேன் தம்பி, முள்ளு அசையவே மாட்டேங்குது" என்று ஆலங்குடி அக்கா ஒருவர் சலித்துக்கொண்டார். அடுத்து என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். நடை நிற்கும், ஷூ பரணுக்குப் போகும்.

அந்த மூன்று மாதத்தில் அக்காவின் ரத்தக்குழாய்களுக்குள் என்ன நடந்தது என்பதை முள் காட்டாது. தமனியின் உட்சுவரில் ஒரே ஒரு செல் கனத்தில் ஒரு படலம் இருக்கிறது. வேகமாக நடக்கும்போது ரத்தம் அதை உரசிக்கொண்டு ஓடும். அந்த உரசலில் படலம் நைட்ரிக் ஆக்சைடு வாயுவைச் சுரக்கும், குழாய் தளர்ந்து விரியும். இந்த வாயுவின் வேலையைக் கண்டறிந்த மூன்று பேருக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. தொப்பைக் கொழுப்பு இதற்கு நேர் எதிரி. அழற்சிப் பொருட்களை ரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கும், வாயு குறையும், வெயிலில் காய்ந்த சைக்கிள் டியூப் மாதிரி தமனி விறைத்துப்போகும். விறைத்த குழாயில் நாடியலை வேகமாக ஓடும். கழுத்துக்கும் தொடைக்கும் இடையே அது விநாடிக்கு 10 மீட்டரைத் தாண்டினால் மருத்துவர்கள் கவலைப்படுகிறார்கள்.

எடை குறையாமலே பலன் கிடைக்குமா? சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு 2006இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேர். அறிவுரை மட்டும் கேட்டவர்களில் மூன்றாண்டுக்குள் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை வந்துவிட்டது. சாப்பாட்டையும் நடையையும் ஒழுங்குபடுத்திக்கொண்டவர்களில் 39 சதவீதம்தான். இத்தனைக்கும் இவர்கள் எடை பெரிதாகக் குறையவில்லை! ஆய்வு சர்க்கரையைப் பற்றியதுதான். ஆனால் தமனியைக் கெடுப்பதில் சர்க்கரைக்கு முன்வரிசை இடம்.

கடும் பருமன் வேறு கதை. 150 செ.மீ. உயரத்துக்கு 90 கிலோ இருப்பவருக்கு எடையும் குறைந்தே ஆக வேண்டும். அமெரிக்காவில் இப்படிப்பட்ட 130 பேரை ஓராண்டு உணவுக் கட்டுப்பாடு, உடற்பயிற்சி என்று கொண்டுபோனார்கள். 2010இல் வந்த முடிவுப்படி சராசரியாகப் பத்துப் பன்னிரண்டு கிலோ குறைந்தது. ரத்த அழுத்தமும் ஈரல் கொழுப்பும் கூடவே இறங்கின. உடனே விசில் அடிக்க வேண்டாம். சர்க்கரையோடு எடையும் கூடியிருந்த 5,145 பேரைப் பத்தாண்டுக்குச் சற்றுக் குறைவாகத் தொடர்ந்த இன்னொரு அமெரிக்க ஆய்வில், மாரடைப்பும் பக்கவாதமும் ஒட்டுமொத்தமாகக் குறையவில்லை. முதல் ஆண்டிலேயே பத்து சதவீத எடையை இறக்கியவர்களுக்கு மட்டும் ஆபத்து சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைவாக இருந்ததாகப் பின்னர் கணக்குப் பார்த்தவர்கள் சொன்னார்கள். நடையே போதும் என்ற வாட்ஸ்அப் வைத்தியம் இங்கே செல்லாது. மருந்தோ அறுவை சிகிச்சையோ தேவைப்பட்டால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. "வாயைக் கட்டத் தெரியல" என்று சொந்தக்காரர்கள் பேசும் பேச்சால் யாருக்கும் ஒரு கிலோ குறைந்ததில்லை.

உடம்பை அசைக்கும் விஷயத்தில் புதுக்கோட்டைக்காரர்களுக்கு ஒரு பழைய உரிமை இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் ஊர் பார்க்க மிதித்தார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதி உலகமே படித்தது. அன்றைய இளம்பெண்களுக்கு இப்போது ஐம்பது, அறுபது வயது. சைக்கிள் இருந்த இடத்தில் ஸ்கூட்டி நிற்கிறது. தமிழ்நாட்டில் எடை கூடிய பெண்கள் 2015-16இல் 30.9 சதவீதம், 2019-21 கணக்கெடுப்பில் 40.4. ஸ்கூட்டிதான் காரணம் என்று பழி போட மாட்டேன். மூன்று வேளை அரிசியும் டீக்கடை வடையும் கோபித்துக்கொள்ளும்.

2023இல் மாவட்டத்துக்கு ஒன்றாக 8 கிலோமீட்டர் நடைபாதை என்று அரசு அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் காலை ஆறு மணிக்கு நடக்க யாருக்கு ஓய்வு? எங்கள் பக்கத்துப் பெண்கள் அந்நேரம் அடுப்படியில் நிற்கிறார்கள். மாலை ஏழு மணிக்கு வெளிச்சமும் காவலும் உள்ள ஒரு பாதை, அதில் பெண்கள் எடுத்து ஓட்ட நாலு சைக்கிள். கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு கொடுப்பவர்கள் இதையும் எழுதிக் கொடுக்கலாம்.